படம் கொள்ளாத பிளாக்செயின்

மாத்தளையிலிருந்து கண்டி போகும் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் தோழியிடம் சொன்னாள்: "அதுல போட்டத அல்லாஹ்வத் தவிர யாராலயும் அழிக்க ஏலாதுன்னாங்க."

முதலாளியே இல்லாத, எழுதியதை யாராலும் மாற்ற முடியாத பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் ஓடும் ஏதோ புதுச் சமூக வலைத்தளமாம். தங்கையின் மருதாணிப் படத்தை, முக்காடு விலகியிருந்ததைக் கவனிக்காமல் அதில் போட்டுவிட்டாள். தங்கை ஒரு வாரமாகப் பேசவில்லை.

"பிறகு?"

"படம் பெரிசாம், பிளாக்செயின்ல கொள்ளாதாம். எங்க இருக்குங்கிற குறிப்பு மட்டுந்தான் அதுல. படம் கண்டியில, தளத்துக்காகப் படங்கள வச்சிருக்கிற ஒருத்தர்ட கம்பியூட்டர்ல. கேட்டதும் அழிச்சிட்டார்."

"அதுக்குள்ள எத்தன பேர் பார்த்தாங்களோ?"

"யாருமில்ல. அங்க ஆக்களே கொறவு."

"தங்கச்சிக்கிட்ட சொன்னீங்களா?"

"காலையில சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதா. பிறகு, 'ராத்தா, சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டா."