ஏணிக்காரர் எங்கிருந்து வந்தார்

எழுத்தில் இதுவே என் முதல் முயற்சி. தகுதியுடையோர் பலர் இருக்க, யான் எழுதத் துணிந்தமைக்காக வாசகர்கள் பொறுத்தருள வேண்டுகிறேன். தோக்கியோவின் நெரிமா பகுதியில், மாங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளை வரையும் ஓவியர் ஓகுசாவாவின் பணிக்கூடத்தில், மழை பெய்த ஒரு பிற்பகலில் நிகழ்ந்த உரையாடல் இது. இருபத்திரண்டு ஆண்டுகளாக வாரந்தோறும் வெளிவரும் ‘பூதச் சுங்கச்சாவடி’ அவருடைய படைப்பு. நிமுரா அவருடைய மூத்த உதவி ஓவியர். திருமதி தெசாகி, மூன்று மாதங்களுக்கு முன் அத்தொடரின் பொறுப்பை ஏற்ற பதிப்பாசிரியர். அவர்கள் பேச்சினிடையே யான் குறுக்கிடவில்லை. குறுக்கிடும் தகுதி எனக்கு உண்டென்றும் எண்ணவில்லை.

தெசாகி: ...அது முடிஞ்சுது. அடுத்தது, அத்தியாயம் முன்னூத்தி நாலு, மூணாம் பக்கம். சுங்கச்சாவடி வரிசையில அஞ்சு ஆக்டோபஸ் நிக்குது. அஞ்சுக்கும் ஒரே மாதிரி நெத்தி முடி.

ஓகுசாவா: ஆமா... ஆக்டோபஸ்.

தெசாகி: அது தெரியுது ஐயா. யாரை மனசுல வெச்சு வரைஞ்சீங்க?

ஓகுசாவா: யாரைன்னா... கடல்ல இருக்கிற...

நிமுரா: பாட்டுக் குழு, மேடம். அந்த வருஷம் டிவியைப் போட்டாலே அந்த அஞ்சு பொண்ணுங்கதான். ஐயா அடிக்கடி சொல்வார்.

ஓகுசாவா: அடிக்கடி சொல்வேன்.

தெசாகி: குழுவோட பேர்?

ஓகுசாவா: நிமுரா... நான் அடிக்கடி சொல்ற அந்தப் பேர் என்னய்யா?

நிமுரா: நான் எழுதித் தர்றேன் மேடம்.

தெசாகி: சரி. அத்தியாயம் நானூத்தி அறுபது. முகமூடி போட்ட முள்ளங்கி.

ஓகுசாவா: இது தெரியும்! இது... சமையல்காரர்.

நிமுரா: மல்யுத்த வீரர், ஐயா.

ஓகுசாவா: சமையலும் தெரிஞ்ச மல்யுத்த வீரர்.

தெசாகி: ஐயா, தப்பா நினைக்காதீங்க. ஆயிரமாவது அத்தியாயத்தோட ஒரு தனிப் புத்தகம் வருது. சினிமா, பாட்டு, டிவின்னு நீங்க படத்துக்குள்ள ஒளிச்சு வெச்சதுல வாசகர்கள் கண்டுபிடிச்சது நானூத்திப் பன்னண்டு. ஒவ்வொண்ணும் எதுலேருந்து வந்துதுன்னு எழுதி, கீழே உங்க முத்திரை வேணும். அஞ்சு மணிக்கு அச்சகத்துக்குப் போகணும். அதனால நேராவே கேட்கறேன். இதுல எத்தனை நீங்க வெச்சது?

ஓகுசாவா: என்னை ‘நடமாடும் களஞ்சியம்’னு வாசகர்கள் எழுதறாங்க, தெரியுமா?

தெசாகி: எத்தனை ஐயா?

ஓகுசாவா: ...இந்தப் பயறு இனிப்பு நீங்க வாங்கிட்டு வந்ததா? ரொம்ப நல்லா இருக்கு.

தெசாகி: ஐயா.

ஓகுசாவா: ஒண்ணுகூட இல்லம்மா! போதுமா? வாரத்துக்குப் பத்தொன்பது பக்கம் வரையற மனுஷன் எங்கேம்மா டிவி பார்ப்பான்? இந்த வீட்டுல டிவியே கிடையாது. நான் முகத்தை வரைவேன், கண்ணை வரைவேன். கூட்டம் வேணும்னா நீலப் பென்சில்ல ஒரு வட்டம் போட்டு உள்ள ‘கூட்டம்’னு எழுதிடுவேன். அந்த வட்டத்துக்குள்ள யார் நிக்கறாங்கன்னு கடவுளுக்கும் நிமுராவுக்கும்தான் தெரியும்.

நிமுரா: கடவுளுக்கும் பாதி தெரியாது, ஐயா.

ஓகுசாவா: பாருங்க, வாயைப் பாருங்க. பத்தொன்பது மணி நேரம் சேர்ந்தாப்பல கூட்டம் வரைஞ்சா புத்தி பேதலிச்சுடும், அதனாலதான் தெரிஞ்ச முகமாப் போடறேன்னு சொன்னான். சரி போன்னு விட்டேன். அது இப்படி நானூத்திப் பன்னண்டாகும்னு யார் கண்டா?

நிமுரா: நானூத்தி எழுபத்தொம்போது. மீதியை இன்னும் யாரும் கண்டுபிடிக்கல.

தெசாகி: அப்ப இத்தனை பேட்டியில ஐயா சொன்னது...?

நிமுரா: முந்தின நாள் எழுதிக் கொடுத்துடுவேன். ஐயா நல்லா மனப்பாடம் பண்ணுவார்.

ஓகுசாவா: ஒரு தடவைதான் மாத்திச் சொல்லிட்டேன்.

நிமுரா: ராட்சசப் பல்லி படத்தைப் பாட்டுக் கச்சேரின்னு சொன்னீங்க. அரங்கமே எழுந்து கைதட்டிச்சு, அது ஏதோ ஆழமான கருத்துன்னு.

தெசாகி: நல்லது. இதுக்கெல்லாம் நிமுரா சார் பேர்லயே மூலம் எழுதிடலாம். நம்ம பதிப்பகத்துச் சட்டப் பிரிவுக்கு வேண்டியது தகவல்தான். எனக்குப் பிரச்சினை கடைசியில இருக்கிறது ஒண்ணுதான். ஏணிக்காரர்.

ஓகுசாவா: அவனை ஏன் பட்டியல்ல சேர்த்தீங்க? அவன் என் ஆளு.

தெசாகி: உங்க ஆளா?

ஓகுசாவா: அவன் மட்டும் என் ஆளு! முப்பத்தேழாவது அத்தியாயம். அந்த வாரம் எனக்கு முப்பத்தொம்போதரை டிகிரி காய்ச்சல். என்ன வரைஞ்சேன்னே நினைவில்ல. புத்தகம் வந்தப்புறம் பார்த்தா, கூட்டத்துல தோள்ல மடக்கு ஏணியோட ஒருத்தன் போறான். ‘அடடா, காய்ச்சல்லகூட என் கை என்னமா வேலை செஞ்சிருக்கு’ன்னு எனக்கே புல்லரிச்சுது. அப்புறம் வாசகர் வாக்கெடுப்புல பேர் இல்லாம, வசனம் இல்லாம, ஒம்போதாவது இடம்! அப்ப இருந்த பதிப்பாசிரியர் ஓடி வந்து ‘அந்த ஏணிக்காரரைப் பேச வைங்க’ன்னார். பேச வெச்சேன். இன்னிக்கு ‘நரகமே, வழி விடு!’ன்னு அவன் சொல்லாட்டி வாரம் முடியாது.

நிமுரா: க்கும்... க்கும்...

ஓகுசாவா: என்னய்யா இருமறே?

நிமுரா: ஒண்ணுமில்ல ஐயா. இனிப்பு தொண்டையில...

தெசாகி: போன மாசம் எஹிமேலேருந்து ஒரு கடிதம் வந்துது. பேர் போடல. ஏணிக்காரர் நிஜத்துல வாழ்ந்த ஆள்னு எழுதியிருக்கு. சட்டப் பிரிவு ரெண்டு வழி சொல்லுது. கற்பனைன்னா ஐயா வரைஞ்ச முதல் மாதிரி ஓவியத்தைக் காட்டணும். நிஜ ஆள்னா அவர் பேரைப் போடணும். ரெண்டும் இல்லன்னா எடுத்துடுவாங்க.

ஓகுசாவா: எடுத்துடுவாங்கன்னா?

தெசாகி: ஆயிரமாவது அத்தியாயத்துல அவர் வர மாட்டார். புதுப் பதிப்புல அறுநூத்திப் பதினோரு அத்தியாயத்துல அவர் நிக்கற இடத்துல எல்லாம் வெள்ளை மை.

ஓகுசாவா: வெள்ளை மையா! என் ஏணிக்காரனுக்கா! யோவ் நிமுரா, அந்த இரும்பு அலமாரியைத் திற. எல்லாப் பாத்திரத்துக்கும் மாதிரி ஓவியம் வெச்சிருக்கேன். தவளை ராணிக்குக்கூட இருக்கு. எடு.

நிமுரா: ஐயா...

ஓகுசாவா: ரெண்டாம் தட்டு.

நிமுரா: ஏணிக்காரருக்கு மாதிரி ஓவியம் இல்ல ஐயா.

ஓகுசாவா: எப்படி இல்லாமப் போகும்?

நிமுரா: காய்ச்சல்ல நீங்க அந்தப் பக்கத்துல வரைஞ்சது ஒரு வட்டம். அதுக்குள்ள ‘கூட்டம்’னு எழுதியிருந்தீங்க. அதுவும் தலைகீழா.

ஓகுசாவா: அப்ப அந்த ஏணியோட போனவன்?

நிமுரா: அவரை நான்தான் போட்டேன்.

ஓகுசாவா: சும்மா சொல்லாதே.

நிமுரா: சும்மா சொல்லல ஐயா.

ஓகுசாவா: இருபத்தோரு வருஷமா... ஏய்யா, நான் மேடையில அழுதேன்யா! ‘ஏணிக்காரன் என் ஆன்மாவோட நிழல்’னு சொல்லி மூக்கைச் சிந்தினேன்! நீ பின்னாடி நின்னு கைக்குட்டை கொடுத்தே!

நிமுரா: அப்ப சொல்லியிருக்கணும். ஆனா அழுதுட்டு இருந்தீங்களே.

ஓகுசாவா: அதுக்கு முந்தி?

நிமுரா: வாக்கெடுப்பு வந்த அன்னிக்கே சொல்ல வந்தேன். ‘பார்த்தியா நிமுரா, இதுதான் எனக்கும் உனக்கும் வித்தியாசம்’னு நீங்க சொன்னீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?

ஓகுசாவா: அப்படியா சொன்னேன்?

நிமுரா: ரெண்டு தடவை.

தெசாகி: நிமுரா சார். அவர் யார்?

நிமுரா: சொன்னா உங்களுக்குத் தெரியாது மேடம். யாருக்குமே தெரியாது. அதனாலதான் தைரியமாப் போட்டேன்.

தெசாகி: பரவாயில்ல. சொல்லுங்க.

ஓகுசாவா: சொல்லாதே! நாளைக்குப் பத்திரிகைக்காரன் எல்லாம் வாசல்ல நிப்பான். ‘ஆன்மாவோட நிழல் யாருதுன்னு தெரிஞ்சுதா’ன்னு கேட்பான். நான் எங்கே போய் மூஞ்சியை வெச்சுக்கறது?

நிமுரா: சொல்லலன்னா வெள்ளை மை ஐயா.

ஓகுசாவா: ...அது தெரியும்யா. தெரியாமலா கத்தறேன்?

நிமுரா: என்னை வேணும்னா வேலையை விட்டு அனுப்புங்க. அவர் நிக்கட்டும்.

ஓகுசாவா: உன்னை அனுப்பிட்டு ஆயிரத்தொண்ணாவது கூட்டத்தை உங்க தாத்தாவா வரைவார்? சொல்லித் தொலை. யார் அவன்?

நிமுரா: மிகான் பொன்தாரோ.

ஓகுசாவா: யாரு?

நிமுரா: அதான் சொன்னேனே, யாருக்கும் தெரியாதுன்னு. எங்க ஊர்ப் பக்கம், எஹிமேல இருக்கிற உவாஜிமாவுல, ஒரு சின்ன டிவி நிலையம் இருந்துது. எனக்கு ஒம்போது வயசு, கோடை விடுமுறை. மத்தியானம் பதினஞ்சு நிமிஷம் அவர் நிகழ்ச்சி. மடக்கு ஏணியைத் தூக்கிட்டு வருவார், நடுவுல வெச்சு ஏறுவார், கையை நெத்தியில வெச்சுத் தூரமாப் பார்ப்பார். ‘இன்னும் காணோம்... டீ ஆறிப்போகுது’ம்பார். இறங்குவார். அவ்வளவுதான்.

ஓகுசாவா: அவ்வளவுதானா? இதுக்கு யார் சிரிச்சா?

நிமுரா: யாருமே சிரிக்க மாட்டாங்க. நான் மட்டும் வயித்தைப் புடிச்சுட்டு உருளுவேன். இறங்கும்போது ஏணியில இல்லாத ஒரு படியில காலை வெப்பார், ஐயா. தினமும். தினமும் அந்தப் படி இருக்கும்னு நம்புவார்.

தெசாகி: இடது ஷூ... ஏன் எப்பவும் பின்பக்கம் மிதிச்ச மாதிரி வரையறீங்க?

நிமுரா: அட, அதைக் கவனிச்சீங்களா? அவர் ஷூவை முழுசாப் போட மாட்டார். அவசரமா வந்தவர் மாதிரி குதிகாலை மிதிச்சுட்டே இருப்பார். பதிமூணு வாரம் வந்துது. ஒரு திங்கக்கிழமை போட்டா, அந்த நேரத்துல மீன் விலை சொல்றாங்க. போயிட்டு வர்றேன்னுகூட அவர் சொல்லல. முப்பத்தேழாவது அத்தியாயம் வரையும்போது எனக்கு என்னமோ தோணிச்சு. இங்கே வரிசையில நிக்கட்டும், வேலை இருக்கிற மாதிரி இருக்கும்னு.

ஓகுசாவா: அப்ப ‘நரகமே, வழி விடு’...?

நிமுரா: அவர் அப்படிப் பேசவே மாட்டார் ஐயா. நரகத்துக்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் போவார்.

ஓகுசாவா: முதல் தடவை அந்த வசனத்தைக் கொடுத்தப்பவே சொல்ல வேண்டியதுதானே, மடையா!

நிமுரா: அன்னிக்கு வீட்டுக்குப் போய் சுவத்தைப் பார்த்துச் சொன்னேன்.

ஓகுசாவா: சரி. அந்தத் தாளை இப்படித் தள்ளுங்கம்மா. எழுதுங்க. ‘ஏணிக்காரர். மூலம், மிகான் பொன்தாரோ. முதலில் வரைந்தவர், நிமுரா. அது தெரியாமல் பெருமையடித்துக்கொண்டவர், ஓகுசாவா.’

தெசாகி: கடைசி வரி தேவையில்ல ஐயா.

ஓகுசாவா: எழுதுங்கம்மா. அடுத்தவன் எழுதறதுக்கு முந்தி நானே எழுதிட்டா கொஞ்சம் மரியாதை மிஞ்சும். எங்கே என் முத்திரை? இந்தாங்க. போட்டாச்சு.

நிமுரா: ஐயா...

ஓகுசாவா: பேசாதே. உன்மேல இன்னும் கோவமாத்தான் இருக்கேன். மை காயட்டும்.

தெசாகி: நிமுரா சார், இன்னும் ஒரு விவரம். அவர் குரல் எப்படி இருக்கும்?

நிமுரா: குரலா?

ஓகுசாவா: சட்டப் பிரிவுக்குக் குரல் எதுக்கும்மா? மாங்காவுல சத்தமா வருது?

தெசாகி: சும்மா... பதிவுக்கு.

நிமுரா: மெல்லிசா இருக்கும். மூக்குல பேசுவார், ஜலதோஷம் புடிச்ச மாதிரி. ‘இன்னும் காணோம்...’ இப்படி. இல்ல, இன்னும் கொஞ்சம் இழுப்பார். ‘இன்னும்... காணோம்... டீ ஆறிப்போகுது.’ ஆ, இதுதான்.

தெசாகி: இன்னொரு தடவை.

நிமுரா: ‘இன்னும்... காணோம்... டீ ஆறிப்போகுது.’ ...மேடம்?

ஓகுசாவா: ஏம்மா, அந்த அளவுக்கு மோசமாவா பண்றான்?

தெசாகி: இல்ல. நல்லா இருக்கு. சிரிப்புதான் வருது.

ஓகுசாவா: இப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்ல. யோவ், அவங்க கண்ணைத் துடைச்சுக்க அந்த மெல்லிசுத் தாளை எடுத்துக் கொடு. ஆமா, கடிதம் எழுதின அந்த எஹிமேக்காரருக்கு ரெண்டு வரி நன்றி எழுதிப் போடணுமே. நிமுராவைத் தவிர அந்த நிகழ்ச்சியைப் பார்த்த ஒரே ஆள் அவராத்தான் இருக்கும். விலாசம் ஏதாவது தெரியுமா?

தெசாகி: விலாசம் வேண்டாம் ஐயா. அதை எழுதினது நான்தான். ஊருக்குப் போனப்ப அங்கேயே தபால்பெட்டில போட்டேன். நான் அந்த நிகழ்ச்சியைப் பார்த்ததில்ல. பொன்தாரோ எங்கப்பா. எனக்கு மூணு வயசுல இறந்துட்டார், முகம் நினைவில்ல. பதினேழு வயசுல, முடி வெட்டற கடையில அம்மா உங்க தொடர் வர்ற பத்திரிகையைப் புரட்டிட்டே இருந்தவங்க, கூட்டத்துல ஒருத்தரைத் தொட்டு ‘இது உங்கப்பா’ன்னாங்க. ஷூவை வெச்சுக் கண்டுபிடிச்சாங்க. நிஜமா, இல்ல என் மனசுக்காகச் சொன்னாங்களான்னு எனக்குத் தெரியல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்தப் பதிப்பகத்துல சேர்ந்தேன், இந்தத் தொடரைக் கேட்டு வாங்கினேன். நான் பேரைச் சொல்லி நீங்க தலையாட்டினா அது சாட்சி ஆகாதே. உங்க வாயிலேருந்தே வரட்டும்னுதான் வெள்ளை மைன்னு பயமுறுத்தினேன். சட்டப் பிரிவுக்கு அந்தக் கடிதத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது, மன்னிச்சுடுங்க. எங்கிட்ட வேற எதுவும் மிஞ்சல. பதிமூணு வார நிகழ்ச்சி, நாடா மேல வேற பதிவு பண்ணி அழிச்சுட்டாங்க. கல்யாணப் படம் ஒண்ணு, அவர் குரல் இருந்த இசைத்தட்டு ஒண்ணு, ரெண்டும் வெள்ளத்துல போச்சு. ஏணியை யாருக்குக் கொடுத்தார்னு தெரியல. அம்மாவும் போயிட்டாங்க, போன மார்ச்சுல.