அலுமாரியின் திறப்பு

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பழைய வீடொன்றைப் பழம்பொருட்கள் வைத்து நூதனசாலையாக்கியிருக்கிறார்கள். நுழைவு வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள். அடுத்தவர் கதையைக் கேட்கிற ஆள் இல்லை நான். ஆனால் அந்த அம்மா ஒரு சாவியைப் பற்றிச் சொன்னது அப்படி.

"உள்ள நிக்கிற அலுமாரின்ர திறப்பு என்னட்டத்தான் கிடக்கு."

"மெல்லக் கதை. அது ஒல்லாந்தர் காலத்து அலுமாரி எண்டு எழுதி வைச்சிருக்கு."

"எழுதினவைக்கு என்ன தெரியும்? சம்பூரில எங்கட அறைக்குள்ள நிண்டது. ஒரு கால் மட்டும் பாலை மரம். நீங்கள் போட்ட கால்."

கணவர் பின்னால் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

"இழுக்கிற லாச்சி இன்னும் பூட்டித்தான் கிடக்கு. திறக்க ஏலாமல் போச்சு எண்டு போன கிழமை சுத்திக்காட்டினவர் சொன்னவர்."

"திறந்து என்ன செய்யப் போறாய்?"

"காணி உறுதிப் பத்திரம் அதுக்குள்ள கிடக்கு. சண்டைக்குள்ள ஓடேக்க எடுக்கேல்லை."

"பிடிச்சு வைச்சு விசாரிப்பினம். வா, திரும்பிப் போவம்."

"நீங்கள் போங்கோ."

வரிசை நகர்ந்தது. வாசலில் காவலாளி அந்த அம்மாவின் கைப்பையைத் திறக்கச் சொன்னார். அடியில் கிடந்த துருப்பிடித்த திறப்பைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன?"

அந்த அம்மா வாயெடுப்பதற்குள் கணவர் முன்னால் வந்தார்.

"எங்கட வீட்டுத் திறப்பு."