கத்தி இல்லாமல் போன வேட்டை

செவ்வாய்க்கிழமை, மாலை நாலே முக்கால். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரத்தில் இருந்தவர் சொன்னார்:

“தாராவச் சுட்டது நான் மச்சான். அடக்கினது மகள்.”

“ஜனாசாத் தொழுகையும் வெச்சயா?” பக்கத்திலிருந்தவர் சிரித்தார்.

“சிரியாதடா. போன மாசம் ஒரு நாள் அசறு தொழுதிட்டு வயல் பக்கம் காட்டுத்தாரா சுடப் போன நான். மகளும் வாறண்டு அழுதா, ஆறு வயசுதானே, கூட்டிட்டுப் போன. பறந்ததுல ஒண்டு சூடு பட்டு உழுந்திச்சு. உசிர் இரிந்திச்சு. அறுக்கப் பாத்தா, கத்திய ஊட்ட வெச்சிட்டு வந்திட்டன்.”

“மறுகா?”

“கையிலயே செத்துப் போச்சு. அறுக்காம செத்தத எப்பிடித் தின்னுற? எறிஞ்சிட்டு வருவம் எண்டன். ‘தின்ன ஏலாட்டி என்னத்துக்கு வாப்பா சுட்டீங்க?’ எண்டு கேட்டா. அவதான் வரம்பு மண்ணக் கையால தோண்டி அடக்கினா.”

“சின்னப்புள்ளதானே. மறந்திருவா.”

“எங்க மறக்க? இப்ப எங்க வெளிக்கிட்டாலும் கத்தியக் கொண்டந்து தாறா, ‘மறந்திராதீங்க வாப்பா’ண்டு.”

“இண்டைக்குமா?”

அவர் மடியிலிருந்த பையை விரித்துக் காட்டினார். மருந்துச் சீட்டுக்குப் பக்கத்தில், கடதாசியில் சுற்றிய கத்தி இருந்தது.