ஸக்கரியா நானாவின் படத்தில் கத்திரி படாது

தலைமை தாங்கும் ஜைனுதீன் ஹாஜியார் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, மாத்தளை நகரத்திலிருந்தும் எல்கடுவ மலையிலிருந்தும் இந்த மழையில் நனைந்து வந்து சேர்ந்திருக்கும் என் மக்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கமும் ஸலாமும்.

நான் அழகையா. எல்கடுவத் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். நாமெல்லாம் அண்ணன் என்ற உரிமையோடு நானா என்றழைத்த ஸக்கரியா எடுத்த படத்தில் போலீஸ் சார்ஜன்டாக வேஷம் போட்டவன். அழுவதற்காக நான் இந்த மேடையில் ஏறவில்லை. அழவேண்டியதை அவரைக் குழிக்குள் இறக்கியபோதே அழுது முடித்துவிட்டேன். இப்போது பேச வந்திருக்கிறேன்.

யார் இந்த ஸக்கரியா? திருகோணமலை வீதியில் ஸ்டூடியோ வைத்திருந்தவர் என்பீர்கள். உங்கள் கல்யாணப் படத்தை எடுத்தவர் என்பீர்கள். உண்மைதான். ஆனால், இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட நம் சனங்களின் பாஸ்போர்ட் படங்களையும் அவர்தானே எடுத்தார்? "நேராப் பாருங்க, தாயி" என்று சொல்லிச் சொல்லி எத்தனை முகங்களைப் பார்த்தார்! ஒருநாள் என்னிடம் சொன்னார்: "மாஸ்டர், இவங்க ஊர விட்டுப் போறப்பதான் ஒருத்தன் இவங்க மொகத்த நேராப் பாக்குறான். இருக்கிறப்ப ஏன் பாக்கல்ல?"

அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் ‘அஞ்சாம் நம்பர் மலை’.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தோட்டம். கொழுந்து பறிக்கப் போன பெண் ஒருத்தி தேயிலைச் செடிகளுக்கிடையே பிணமாகக் கிடக்கிறாள். சிறுத்தை அடித்துவிட்டது என்று முடித்துவிடுகிறார்கள். அடுத்தவள் சாகிறாள். வழுக்கி விழுந்தாளாம்! மூன்றாவது பெண்ணும் செத்த பிறகுதான் டவுனிலிருந்து ஒரு சார்ஜன்ட் வருகிறார். கொலைகாரனைத் தேடி, தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்குகிறார். கடைசியில் அகப்படுபவன் யார்? தொழிற்சாலையின் பெரிய கிளாக்கர்! ஒவ்வொரு சாவு வீட்டுக்கும் முதல் ஆளாக வந்து தேம்பித் தேம்பி அழுதவன்!

நானா முதலில் எழுதிய கதையில் நான்காவது பெண்ணும் செத்துப்போவாள். அந்த வேஷத்துக்கு வந்தவள் எங்கள் தோட்டத்து இலட்சுமி. அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். ஒத்திகையின் நடுவில் கூடையை இறக்கி வைத்துவிட்டாள்.

"எல்லாப் பொம்பளையும் செத்துப் போயிட்டா, அவன யாருங்க கண்டது? நான் சாக மாட்டேன். என்னைய உசுரோட வச்சிக்கிட்டு எழுதுங்க."

வேறொரு டைரக்டராக இருந்தால் என்ன செய்திருப்பார்? வேறு பெண்ணைத் தேடியிருப்பார். நானா தாடியைத் தடவிக்கொண்டு அவளையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "புள்ள சொல்றது சரி மாஸ்டர். கதைதான் தப்பு" என்றார். எழுதியதைக் கிழித்தார். மறுபடி எழுதினார். கழுத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு கொழுந்துக்காரி போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து, கொலைகாரன் யார் என்று தன் வாயால் சொல்லும் அந்தக் காட்சி அப்படித்தான் வந்தது.

படம் முடிந்ததும் கொழும்பிலிருந்து ஒரு விநியோகஸ்தர் வந்தார். பார்த்தார், பாராட்டினார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார். "முதல் சாவுக்கே போலீஸ் வந்துடட்டும், கொலைகாரன் ஒரு குடிகாரத் தொழிலாளியா இருக்கட்டும். அந்தப் பொண்ணும் செத்துடட்டும், சார்ஜன்ட் தன் மூளையால கண்டுபிடிக்கட்டும். அத மட்டும் மாத்துங்க, நாடு பூரா ஓட்டுறேன்."

நானா கோபப்படவில்லை. "மூணு பொம்பள செத்தும் ஒருத்தரும் வராததுதான் ஏன்ட கதை. ஒருத்தி எழும்பிப் பேசினதுதான் ஏன்ட முடிவு. ரெண்டையும் வெட்டினா மிச்சம் என்னா? ஓட்டமும் துப்பாக்கியும்தான். டீயக் குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

தியேட்டர் கிடைக்கவில்லை. அதற்காகப் படத்தைப் பெட்டிக்குள் பூட்டினாரா? புரொஜெக்டரையும் டைனமோவையும் லொறியில் ஏற்றிக்கொண்டு எல்கடுவவுக்கு வந்தார்! கோயில் முற்றத்தில் வேட்டியைக் கட்டித் திரையாக்கினோம். பொழுது சாய்ந்ததும் படம் ஓடியது. சார்ஜன்ட் கிளாக்கரின் வீட்டுக் கதவைத் தட்டுகிற இடம். டைனமோ நின்றது. யாரோ பெல்ட்டை அறுத்துவிட்டார்கள். கும்மிருட்டு. குழந்தைகள் அழத் தொடங்கின.

அந்த இருட்டுக்குள்ளிருந்து நானாவின் குரல் வந்தது: "ஒருத்தரும் எழும்ப வேணாம்! மிச்சத்த நான் சொல்றேன்!"

சொன்னார், ஐயா, சொன்னார்! கதவு திறக்கிற சத்தத்தை அவரே போட்டார். நாய் குரைப்பதை அவரே குரைத்தார். "மாஸ்டர், ஒங்கட வசனம்!" என்று கத்தினார். நான் என் வசனத்தைப் பேசினேன். ஸ்டேஷன் காட்சி வந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து இலட்சுமி எழுந்து நின்றாள்.

"சார்ஜன்ட் ஐயா, எனக்கு அந்த ஆளத் தெரியும். அவன் கையத் தெரியும், மூச்சத் தெரியும். எழுதுங்க, நான் சொல்றேன்!"

ஒரு சனம் எழும்பவில்லை. கதை முடியும்வரை எழும்பவில்லை!

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, இலட்சுமியின் பேரை வெட்டினார்கள். காரணம் கேட்டோம், சொல்லவில்லை. நானா தோட்டத்துத் துரையின் ஆபீஸ் வாசலில் போய் நின்றார், உள்ளே விடவில்லை. திரும்பி வந்தவர் அவளுக்கு ஸ்டூடியோவில் வேலை கொடுத்தார், புரொஜெக்டர் ஓட்டப் பழக்கினார். இருவருமாகப் பல்லேபொலவுக்குப் போனார்கள். சிங்களக் கிராமமான லக்கலவுக்கும் போனார்கள். அங்கே நானா சிங்களத்தில் கதை சொல்லச் சொல்ல, சேனைப் பயிர்க் காவலை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள் அந்த விவசாயிகள். "எங்க ஊர்லயும் அந்தக் கிளாக்கர் மாதிரி ஒரு பெரிய மாத்தயா இருக்கார்" என்று ஒரு பெரியவர் சிங்களத்தில் சொன்னாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் பஸ் ஏறினாராம் நானா. வழியில் நெஞ்சைப் பிடித்தார். இலட்சுமியின் தோளில் சாய்ந்தவர் பிறகு நிமிரவேயில்லை.

நண்பர்களே! மண் காய்வதற்குள் அந்த விநியோகஸ்தர் மறுபடி வந்தார். அனுதாபம் சொன்னார். "அவர் பேரைப் பெரிசாப் போடுறோம், அந்த ரெண்டு இடத்த மட்டும் வெட்டிக்கிறோம்" என்றார். துக்கம் காத்து, அந்நிய ஆண்கள் முன் வராமல் இத்தாவில் இருக்கும் ஹமீமா தாத்தா, நானாவின் மனைவி, எங்களுக்கெல்லாம் மூத்த அக்கா, திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து பதில் சொன்னார். நான் என் காதால் கேட்டேன்.

"அவரு மவுத்தாயிட்டாரு. படம் மவுத்தாகல்ல. அதுல கத்திரி வெக்க ஒங்களுக்கு ஆரு உத்தரவு தந்தது? எடுத்த மாதிரி ஓடினா ஓடட்டும். இல்லாட்டிப் போங்க."

இதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? படச்சுருள்களை இலட்சுமியின் கையில் கொடுத்திருக்கிறார். இனி அவள் ஓட்டுவாள். இருட்டாக்கினால் நான் வாயால் சொல்வேன். என் வாயை அடைத்தால் கதை தெரிந்தவர்கள் நீங்கள் இத்தனை பேர் இருக்கிறீர்கள்! நானா தொடங்கியதை நாம் நிறுத்தப் போவதில்லை. ஒரு காட்சியையும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. இது அவர் பேரால் நான் கொடுக்கும் வாக்கு!

வருகிற ஞாயிற்றுக்கிழமை, எல்கடுவ, அதே கோயில் முற்றம். படம் பார்க்க வருகிறவர்களுக்கு மறுநாள் வேலை கிடையாது என்று நேற்று தோட்டத்து ஆபீசில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். சரி, தோட்டமே திரண்டு வந்துவிட்டால் மறுநாள் கொழுந்து பறிக்கப் போவது யார்? துரையா? கிளாக்கரா?

நோட்டீஸ் ஒட்டியவருக்கும் இந்த மேடையிலிருந்து அழைப்பு விடுக்கிறேன். வாருங்கள் ஐயா. முன்வரிசையில் உங்களுக்குப் பாய் விரித்து வைக்கிறோம். கடைசிவரை இருந்து, அந்தப் பெண் யாரைக் கைகாட்டுகிறாள் என்று பார்த்துவிட்டுப் போங்கள்!