கத்தரிக்காய்க் கூடையின் அடியில்

பிளேக் தணிந்துவிட்டதென்று கோயமுத்தூர்ச் சந்தையை மறுபடி திறந்த நாள் அது. வாசலிலேயே தடுப்பூசி போட்டார்கள்; போட்டுக்கொண்டவர்களை மட்டும் உள்ளே விட்டார்கள். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கத்தரிக்காய்க்காரியும் ஒரு வெண்ணெய்க்காரரும் நின்றார்கள்.

"கூடைய இடிக்காதீங்கண்ணா, அடியில செத்த எலி இருக்குதுங்க" என்றாள் அவள் வெண்ணெய்க்காரரிடம்.

"ஏனம்மணி, காலங்காத்தால தமாசா?"

"தமாசென்னங்க? எங்கூட்டு அடுப்படியில கெடந்துச்சு."

"சுகாதாரத்துக்காரங்ககிட்டச் சொல்லோணுமல்ல?"

"சொல்லித்தான் போன மாசம் கூரை ஓட்டப் பிரிச்சுப்போட்டு எங்களக் காட்டுக்குத் தொரத்துனாங்க. கைக்கொழந்தையோட குடிசையில மழையில கெடந்தேன். அதுக்கு இன்னும் சளி போகலீங்க. மறுக்கா போனாப் பொழைக்காது."

"பொதைச்சுப்போட வேண்டியதுதான?"

"நாய் தோண்டீரும். சந்தைக் குப்பையில போட்டா, யார் ஊட்டு எலின்னு யாரு கண்டாங்க?"

"நல்லா இருக்குது நாயம்! சந்தைய மூடறதும் அவங்க, தொறக்கறதும் அவங்க, எலியக் கொண்டாரது நீ. நடுவுல ஊசி மட்டும் எனக்கு!"

"அதான் ஊசி போடறாங்களே, பின்ன எதுக்குங்கண்ணா பயம்?"

வரிசை நகர்ந்தது. அவளும் ஊசி போட்டுக்கொண்டாள். வாசலில் நின்ற சேவகன் அவள் கையைப் பார்த்தான், கூடையைப் பார்க்கவில்லை. வெண்ணெய்க்காரர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

அந்த எலி என்ன செய்யும் என்று அந்த வரிசையில் நன்றாகத் தெரிந்தவன், படித்தவனான நான்தான். நான் செய்ததெல்லாம், அவளிடம் கத்தரிக்காய் வாங்காமல் வந்தது மட்டுமே.