என் பெயரில் ஒரு டோக்கன்

டாக்டரைப் பார்க்கக் காத்திருப்பது எனக்குப் பிடிக்கும். பலருக்கு அது தண்டனை. எனக்கு அப்படியில்லை. மின்விசிறி ஓடும், டிவியில் சத்தமில்லாமல் யாரோ சமைத்துக்கொண்டிருப்பார்கள், பக்கத்து நாற்காலிக்காரர் நாம் கேட்காமலே தன் சர்க்கரை அளவைச் சொல்வார். எவ்வளவு பெரிய ஆளானாலும் அங்கே ஒரு எண்தான். அந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குப் படும்.

இதை நானே எழுதித் தருகிறேன் என்றதற்கு நீங்கள் சம்மதித்தது பெருந்தன்மை, இன்ஸ்பெக்டர் சார். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் நல்ல மனிதர். ஆனால் ‘மேற்படி நபர்’ இல்லாமல் அவருக்கு ஒரு வரி நகராது. நான் இருபத்தெட்டு வருடமாகப் புதுக்கோட்டையில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். போலீசிடம் எழுதிக் கொடுக்கிற ஒப்புதல் கோர்ட்டில் நிற்காது என்பதும் தெரியும். அதற்காக எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி வரிசையாக வைத்தால் என் பக்கமும் உங்களுக்குப் புரியும் என்றுதான்.

என் பெயர் நாகராசு. வயது ஐம்பத்து நான்கு. இறந்துபோனவர் என் உடன்பிறந்த அண்ணன் குணசேகரன், என்னைவிட ஏழு வயது மூத்தவர். கூட்டுறவுச் சங்கத்தின் முன்னாள் தலைவர், மூன்று பள்ளிக்கூடங்களின் புரவலர், இன்னும் என்னென்னவோ. ‘கொடை வள்ளல்’ என்ற பட்டத்தைக் கொடுத்த அமைப்புக்கு அவரே தலைவர். வாசலில் யார் வந்தாலும் அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. கூட நிற்கிற என்னைக் காட்டி யாராவது ‘இவர் யாருங்க’ என்று கேட்டால், “நம்ம ஆளுதான்” என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

தை மாதக் கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் படி ஏறும்போது நெஞ்சில் கை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். படத்துக்கு நிற்கிறார் என்று நினைத்து போட்டோகிராபர் ஒரு படமும் எடுத்தார். மறுநாள் எங்கள் தெரு டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, “ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட்டக் காட்டிருங்க. ஒரு வாரத்துக்கு மேல தள்ளாதீங்க” என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வீட்டிலிருந்து கால் மணி நேரம். அண்ணன் போக மாட்டேன் என்றுவிட்டார். காரணம் பங்குனித் திருவிழா. கோயிலில் முதல் மரியாதையாகப் பரிவட்டம் கட்டுவது பதினோரு வருடமாக அவருக்குத்தான். அடுத்த தெரு ரெங்கராஜுக்கு அதன்மேல் கண்.

“நெஞ்சு வலின்னு வெளிய தெரிஞ்சுச்சுன்னு வையி, ‘பாவம், அவருக்கு முடியல, ரெங்கராஜுக்குக் கட்டுவோம்’பானுங்க. நீயி, நானு, ஒங்க அண்ணி. நாலாவது ஆளுக்குத் தெரியக் கூடாது, பாத்துக்க.”

திருச்சியிலிருந்து ஞாயிறுதோறும் இங்கே ஒரு கிளினிக்குக்கு வருகிற டாக்டர் ரகுநாத்தைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஃபோன் செய்து டோக்கன் போட வேண்டும். அண்ணன் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டால் ரகசியம் போச்சு. ஆகவே டோக்கனை என் பெயரில் போடச் சொன்னார். போட்டேன். பதினேழாம் எண்.

முதல் ஞாயிறு நடந்ததில் என் கை எதுவும் இல்லை. அண்ணன் முகக்கவசம் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் நாலு பேரைத்தான் பார்த்திருப்பார். அவருக்கு ஒரு ஃபோன் வந்தது. அறையிலிருந்து வெளியே வந்து கூடத்தின் நடுவில் நின்று கைகூப்பினார்.

“மன்னிச்சுக்கங்க. திருச்சியில ஒருத்தருக்கு ரொம்ப சீரியஸ். நான் ஒடனே போயாகணும். இன்னைக்கி டோக்கன் போட்ட எல்லாரையும் அடுத்த ஞாயிறு மொதல்ல பாத்துருவேன்.”

அறந்தாங்கியிலிருந்து மூன்று மணிக்கே எழுந்து வந்த ஒரு அம்மாள், “போங்க சாமி. அங்கிட்டும் ஒரு தாய்தானே அழுதுக்கிட்டு நிப்பா” என்றார். ஆவூரிலிருந்து வந்திருந்த அந்தோணிமேரி டீச்சர், “வந்ததுக்கு நம்ம சுகரையாவது ஏத்திக்கிட்டுப் போவோம்” என்று கைப்பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்து எல்லோருக்கும் நீட்டினார். சிரித்தார்கள். பஸ் நேரம் விசாரித்தார்கள். நாற்பது பேர் ஐந்து நிமிடத்தில் அடுத்த வாரத்துக்குத் தயாராகிவிட்டார்கள்.

அண்ணனுக்கு மட்டும் அது முடியவில்லை. டோக்கன் மேசையில் இருந்த திலகவதியிடம் போய் முகக்கவசத்தைக் கீழே இறக்கிவிட்டு நின்றார்.

“ஏம்மா, நான் யாருன்னு தெரியுமா?”

அந்தப் பெண் நோட்டைப் பார்த்தது. “தெரியுமேங்க. நாகராசு. டோக்கன் பதினேழு.”

அண்ணன் முகக்கவசத்தை மறுபடி மேலே ஏற்றிக்கொண்டார். தன் பெயரைச் சொல்ல வழியில்லை. ஐம்பத்து நான்கு வருடத்தில் முதன்முறையாக அவர் நானாக நின்றார். அது எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் கொஞ்சம் தெரிந்திருக்கும்.

திரும்பும்போது காரில் வலி வந்தது. தெரு டாக்டர் கொடுத்த மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். “தம்பி, அடுத்த வாரம் பாத்துருவாராடா?” என்றார். அந்தக் கை வேர்த்திருந்தது. வீடு வரும்வரை விடவில்லை. அதைப் போல ஒரு நல்ல பயணத்தை நான் அவரோடு போனதில்லை.

அடுத்த ஞாயிறு எட்டரை மணிக்கு திருக்கோகர்ணத்தில் அவர் வீட்டு வாசலில் நின்றேன். கூட்டிப்போகத்தான் போனேன். இந்த வரியை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம். உள்ளே திருவிழா விஷயமாக நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாரம் முழுக்க மாத்திரை வேலை செய்திருந்தது. அண்ணன் பழையபடி ஆகியிருந்தார்.

“டேய் ரைட்டரு, எத்தன மணிக்கு வரச் சொன்னேன், எத்தன மணிக்கு வார? கார் சீட்டத் தொடச்சு வையி, போ.” பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, “நம்ம ஆளுதான். மந்தம்.”

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அருகில் போய்க் காதோடு சொன்னேன்: “டாக்டருக்கு இன்னைக்கும் எமர்ஜென்சியாம்ணே. வரலையாம்.”

திட்டம் போட்டுச் சொன்னதல்ல. வாயில் வந்தது. ஆனால் அந்த முகம் இறங்கியதைப் பார்த்தபோது, மருந்துச் சீட்டில் எழுதாத ஏதோ ஒன்று அவருக்கு வேலை செய்கிறது என்று தோன்றியது. வந்தவர்களை அனுப்பிவிட்டு, “உக்காரு தம்பி, காப்பி குடிச்சிட்டுப் போ” என்றார்.

குடித்துவிட்டு நேராகக் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் வந்திருந்தார். சொன்ன சொல் தவறாத மனிதர். போன வாரத்து டோக்கன்களை முதலில் கூப்பிட்டார்கள். நாகராசு, நாகராசு என்று ஒலிபெருக்கியில் கேட்டது. என் பெயர். எழுந்து உள்ளே போனேன். எத்தனையோ பேருக்குக் கிடைக்காத டோக்கனை வீணாக்குவது சரியில்லை.

ஈசிஜி எடுத்தார்கள். டாக்டர் அந்த நீளத் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“அருமையா இருக்கே. என்ன தொந்தரவுன்னு வந்தீங்க?”

“பயம்தாங்க, டாக்டர்.”

“வீட்ல யாருக்கும் ஹார்ட் ப்ராப்ளம் உண்டா? அப்பா, அண்ணன், தம்பி?”

“இல்லைங்க. எல்லாரும் நல்லா இருக்காங்க.”

திலகவதி சொன்னதெல்லாம் உண்மை. இரங்கல் சுவரொட்டியில் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, “இவரு ஒரு நாள்தானே வந்தாரு, அப்பறம் இவரு பேருல வேற ஆளுல்ல வந்தாங்க” என்று அண்ணியிடம் வந்து சொன்னதற்காக அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலையில் கண் உள்ள பெண். கிளினிக்கில் என் பெயரில் ஐந்து ஈசிஜி இருக்கும். ஐந்தும் நன்றாக இருக்கும்.

வெள்ளிதோறும் என் பெயரிலேயே டோக்கன் போட்டேன். மூன்றாவது ஞாயிறு முதல் கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. வெறுமனே எமர்ஜென்சி என்றால் அண்ணனுக்குப் போதவில்லை; யாருக்கு என்று கேட்பார். கட்டடம் கட்டுகிற கொத்தனார் ஒருவருக்கு என்றேன். “ஒரு கொத்தனுக்காகவா என்னய வெயிட் பண்ண வைக்கிறான்?” என்று அவருக்கு மூச்சு இளைத்தது. நாலாவது வாரம் ஓய்வுபெற்ற ஒரு நீதிபதிக்கு என்றேன். “அப்பிடியா? சரி, சரி. பெரிய மனுசன். அவரப் பாக்கட்டும்” என்று அமைதியாகப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து பெரிய மனிதர்களுக்கு மட்டுமே நெஞ்சு வலி வரும்படி பார்த்துக்கொண்டேன். நோயாளிக்குப் பதற்றம் கூடாது.

அந்த வாரம் அண்ணி அமுதவல்லி என்னை அடுப்படிப் பக்கம் கூப்பிட்டார்.

“தம்பி, எனக்கு என்னமோ பயமா இருக்கு. ராவெல்லாம் உக்காந்துக்கிட்டேதான் தூங்குறாரு. பேசாம திருச்சிக்கே கூட்டிக்கிட்டுப் போயிருவமா?”

“அங்கயும் இதே டாக்டர்தானே அண்ணி. ஓடிக்கிட்டே இருக்கிற மனுசன அங்க மட்டும் எப்பிடிப் புடிக்கிறது?”

“வேற டாக்டரே இல்லையா?”

“அண்ணன் கார் திருச்சி ரோட்டுல கீரனூரத் தாண்டுறதுக்குள்ள ரெங்கராஜுக்குத் தகவல் போயிரும். அப்பறம் ஒங்க இஷ்டம்.”

உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது: “அவன் சொல்றதுதான் சரி. நீ சும்மா இரு.” என் வாழ்நாளில் நான் சொன்னது சரி என்று அவர் சொன்னது அந்த ஒரு முறைதான். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்க இருக்கப் போய்த்தான் தம்பி எனக்குத் தெம்பு” என்றார். அண்ணியை நான் மதிக்கிறேன். அவர் புகார் கொடுத்ததையும் மதிக்கிறேன்.

ஐந்தாவது வாரம் அண்ணன் முழுக்க வேறு ஆளாகிவிட்டார். நான் உள்ளே நுழைந்ததும் நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். அதற்கே இரைத்தது. சாப்பிட்டாயா என்று கேட்டார். என் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டார். அவள் படித்து முடித்து வேலைக்குப் போய் நாலு வருடம் ஆகிறது. சொன்னேன். “எனக்குத் தெரியாமப் போச்சேடா” என்று வருத்தப்பட்டார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. நான் பிடித்துவிட்டேன். ஒரு மனிதனை மனிதனாக்க ஐந்து வாரம் என்பது அதிகம் இல்லை, சார். இன்னும் ஒரு வாரம் போனால் முழுசாகத் தேறிவிடுவார் என்றும், அதற்கப்புறம் டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

ஆறாவது ஞாயிறு அவரைக் கூட்டிப்போகும் எண்ணத்தோடுதான் கிளம்பினேன். வழியில் டீ குடிக்க நிறுத்தினேன். டீக்கடையிலிருந்தே ஃபோன் போட்டு, டாக்டர் வரத் தாமதமாகும், வந்ததும் சொல்கிறேன் என்றேன். இந்த முறை வரவே மாட்டார் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அப்புறம் வண்டி அதன்போக்கில் கிளினிக்குக்குப் போயிற்று.

அன்றைக்குக் கூட்டமே இல்லை. முகூர்த்த நாள். பத்தரை மணிக்கெல்லாம் நான் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் என் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் ஃபோன் அடித்தது.

“எடுங்க, பரவால்ல” என்றார் டாக்டர்.

அண்ணன்தான். அண்ணி கோயிலுக்குப் போயிருந்த நேரம்.

“தம்பி… டாக்டர் வந்துட்டாராடா?”

டாக்டர் என்னிடமிருந்து ஒரு மேசை அகலத்தில் இருந்தார். அவருடைய கார் வாசலில் நின்றது. திருக்கோகர்ணம் பத்து நிமிடம்.

“இல்லண்ணே” என்றேன்.

“முடியலடா. யாரோ நெஞ்சுல ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. நான் ஒன்னய என்னென்னமோ பேசிருக்கேன். மனசுல வச்சுக்காதடா. எப்பிடியாச்சும் என்னயக் காப்பாத்திருடா, சாமி.”

டாக்டர் தாளைக் கீழே வைத்துவிட்டு, ஏதாவது அவசரமா என்று கையால் கேட்டார். நான் தலையை ஆட்டி, இல்லை என்றேன்.

“சரியாக் கேக்கலண்ணே” என்றேன் ஃபோனில். “இன்னொரு தடவ சொல்லுங்க.”

சொன்னார். முன்னைவிட மெதுவாக, முன்னைவிடப் பணிவாக. முதல் முறையே எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டிருந்தது.

மூன்று நாளாக நீங்கள் கேட்கும் கேள்விக்குப் பதில், ஆமாம், நான்தான். டாக்டர் ஒரு நாள்தான் வரவில்லை; மற்ற ஐந்து நாளும் வந்தார்; ஐந்து நாளும் என் அண்ணனின் இடத்தில் நான் போய் உட்கார்ந்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் ஃபோனை வைத்துவிட்டதாக அண்ணி நினைக்கிறார். அது தவறு. அதை மட்டும் திருத்திச் சொல்லிவிடுங்கள். சத்தம் நின்ற பிறகும் நான் வைக்கவில்லை. இன்னும் ஒரு முறை சொல்வார் என்று காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.