ஆரணிக்கு ஒரு ஐகோர்ட்

ஆரணியில் எம்.எல்.ஏ. ஆபீஸ் வாசலில் மனுவோடு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பட்டுத்தறிக்கார அம்மா, பக்கத்தில் நின்றவரிடம் தன் மனுவை நீட்டினார்.

“நம்ம ஊருக்கு ஐகோர்ட் கேட்டு எழுதிகினு வந்துகிறேண்ணா.”

அவர் சிரிக்காமல் படித்தார். “இத எம்.எல்.ஏ. தர முடியாதும்மா. சட்டசபையில தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்பலாம். சட்டம் போடறது பார்லிமெண்ட்டு கையில கீது.”

“அப்ப இந்த சந்துப் பாதை கேசுக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் தறிய நிறுத்திட்டு மெட்ராஸ் ஓடணுமா? போன தபா பஸ் லேட்டு. நான் போறதுக்குள்ள கேஸ கூப்ட்டு முடிச்சிட்டாங்க.”

“விடிகாலையில ஒரு நேர் பஸ் கேளு. அது இவரால ஆவும்.”

அந்த அம்மா பேனா வாங்கி ‘ஐகோர்ட் வேண்டும்’ என்பதை ‘ஐகோர்ட்டுக்கு விடிகாலை பஸ் வேண்டும்’ என்று திருத்தினார்.

“நீயும் ஒரு கையெழுத்து போடுண்ணா. வாய்தா உனக்கும்தான.”

“போடாம? எதிர்பார்ட்டின்னா நான் மட்டும் பறந்தா போறேன்?”

சந்து வழக்கு இவர்கள் இருவருக்கும் நடுவில்தான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் கையெழுத்துப் போட்டு மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த அம்மா அதை மடித்துக்கொண்டே சொன்னார்: “பஸ் ஒண்ணுதான். ஆனா நீ முன்னாடி சீட்ல குந்திக்கோ, நான் பின்னாடி குந்திக்கிறேன்.”